ஆறு வயது கருப்பி ஏன் திடீரென்று வீட்டுக்குள் மூத்திரம் போகிறாள்?

கேள்வி:

எங்கள் கருப்பிக்கு 6 வயது. நாட்டு நாய். தஞ்சாவூரில் தெருவோரம் கிடைத்த குட்டி. கருத்தடை ஆபரேஷன் செய்து நாலு வருடம் ஆகிறது. அங்கே கொல்லைப்புறம் இருந்ததால் ஒருநாளும் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதில்லை. கணவருக்கு மாற்றல் கிடைத்து 5 மாதம் முன்பு தாம்பரத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தோம். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் இருந்தாள். அப்புறம் ஆரம்பித்தது. ஹாலில், மிதியடியில், சோஃபா பக்கத்தில், ஒருமுறை பூஜை அறை வாசலில். வெளியே அரை மணி நேரம் நடத்தினாலும் போவதில்லை. உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் ஹாலில் போகிறாள். ராத்திரியிலும் போகிறாள். லிஃப்டில் நாய் கூடாது என்று சங்கத்தில் சொல்வதால் படியிறங்கி ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் கூட்டிப் போக முடிகிறது. மூக்கைத் தேய்த்தோம், பேப்பரைச் சுருட்டி அடித்தோம், மிளகாய்த்தூள் தூவினோம், அந்துருண்டை போட்டோம், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் வைப்பதில்லை. தினம் இரண்டு வேளை பினாயில் போட்டுத் துடைக்கிறேன். நடுவில் அரிப்பு வந்து ரோமம் கொட்டியது, டாக்டர் கொடுத்த மாத்திரையில் இப்போது அது பரவாயில்லை. மூன்று மாதம் முன்பு மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார், அவருக்கு நாய் பழக்கமில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

கால்நடை மருத்துவரின் பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அரிப்புக்கு மாத்திரை கொடுத்ததாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எந்த மாத்திரை என்று எழுதவில்லை. அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பில் துடிக்கும் நாயை இரண்டு மூன்று நாளில் அமைதிப்படுத்துகிற மருந்து. நானும் எழுதித் தருகிறேன், அதனால் கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாய்களுக்கு இது ஒரு வேலை செய்யும். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிற ஹார்மோன் ஒன்று உண்டு. அதன் பேச்சு எடுபடாமல் ஸ்டீராய்டு தடுத்துவிடும். தண்ணீர் தண்ணீராக மூத்திரம் நிறையப் போகும். போன தண்ணீரை ஈடுகட்ட நாய் நிறையக் குடிக்கும். குடித்தது மறுபடி வெளியே வரும். அவளுடைய சிறுநீர்ப்பையோ பழைய அளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை வெளியே போனால் அது எப்படித் தாங்கும்?

அதனால் சாயங்காலம் தண்ணீர் வைப்பதை நிறுத்தியதை இன்றைக்கே மாற்றுங்கள். இதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாய்க்கும், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிற நாய்க்கும் தாகம் அடங்காமல் போவது, உடம்பிலிருந்து போகும் தண்ணீரைச் சமாளிக்கத்தான். கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டால் மூத்திரம் நிற்காது, உடம்புதான் வற்றும். தாகம் தாங்காமல் பாத்ரூம் தரையை நக்குகிற நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதேபோல, இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடம்பு தானே சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு படுத்துவிடும். வாந்தி, சோர்வு, சில சமயம் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்து, முடிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, அப்புறம் நிறுத்துவார். அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு மருந்துகளும் இப்போது கிடைக்கின்றன. அவரிடமே கேளுங்கள்.

மாத்திரை ஸ்டீராய்டாக இல்லாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு கணக்கு எடுக்க வேண்டும். கருப்பி 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். அப்படியென்றால் அவளுக்கு ஒரு லிட்டருக்குள். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 1,600 மில்லிக்கு மேல் போனால், அது சென்னை வெயிலால் மட்டும் வருவதில்லை. காலை 6 மணிக்கு இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அதிலிருந்து மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தீர்ந்தால் இன்னொரு பாட்டில். மறுநாள் காலை 6 மணிக்குக் கிண்ணத்தில் மீதி இருப்பதையும் பாட்டிலில் இருப்பதையும் கழித்துவிட்டு எழுதுங்கள். மூன்று நாள் இப்படி எடுங்கள். பாத்ரூம் வாளியை மூடி வையுங்கள். தயிர் சாதம், பால் கொடுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதிலும் தண்ணீர்தான் இருக்கிறது. என் மேஜைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் "நார்மலாகத்தான் குடிக்குது டாக்டர்" என்பார்கள். அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினால் சிலர் மறுவாரம் கலவரத்தோடு வந்து நிற்பார்கள்.

அடுத்தது மூத்திரப் பரிசோதனை. மெடிக்கல் ஷாப்பில் மூடி போட்ட யூரின் டப்பா கிடைக்கும். காலையில் முதல் முறை அவள் குந்தும்போது பின்பக்கமாக ஒரு தட்டையான தட்டை நீட்டிப் பிடிக்க வேண்டும். அடுப்படியில் இருக்கிற நீளக் காம்புக் கரண்டியைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தி எடுத்துப் போனால் இன்னும் சுலபம். அவள் போக ஆரம்பித்து ஒரு நொடி கழித்து நீட்டுங்கள், முதலிலேயே நீட்டினால் பயந்து எழுந்துவிடுவாள். இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும், தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூத்திரத்தின் அடர்த்தி, சர்க்கரை, புரதம், ரத்தம், சீழ் செல்கள் எல்லாம் அதில் தெரியும். ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று சத்தமில்லாமல் வரும். எரிச்சலையும் வீக்கத்தையும் மருந்து அமுக்கி வைத்திருப்பதால் முக்குவதும் சொட்டுச் சொட்டாகப் போவதும் வெளியே தெரியாது. அதனால் மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டும் எடுக்கச் சொல்லி நான் கேட்பேன். அதற்கான மூத்திரத்தை டாக்டரே ஊசி வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பதுதான் சரி. கூடவே ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். உங்கள் பக்கத்தில் லேப் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1903-லிருந்து நடக்கிற கல்லூரி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராத்திரி அவள் எழுந்து போய் ஹாலில் போகிறாளா, அல்லது படுத்த இடத்திலேயே நனைந்திருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. சில வருடங்கள் முன்பு ஒரு லேப்ரடாரைக் கூட்டி வந்தார்கள். 8 வயது, கருத்தடை ஆன பெண் நாய். சோஃபாவில் ஏறி வேண்டுமென்றே மூத்திரம் பண்ணுகிறது என்று அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். நான் பேச்சை நிறுத்தவில்லை. நாய் வந்த களைப்பில் என் மேஜையோரமாகச் சாய்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்துத் தூங்கிப்போனது. பத்து நிமிடம் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வாலாட்டியது. அது படுத்திருந்த இடத்தில், பின்னங்கால்களுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நாய் திரும்பி அந்த ஈரத்தை மோந்து பார்த்துவிட்டு நக்க ஆரம்பித்தது. தனக்கு என்ன நடந்தது என்று அதற்கே தெரியவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு மாதமாக அதை அடித்திருக்கிறார்கள்.

கருத்தடை செய்த பெண் நாய்களில், குறிப்பாகக் கொஞ்சம் பெரிய உடம்பு உள்ளவற்றில், சில வருடம் கழித்து மூத்திரத் துவாரத்தை இறுக்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோவதுண்டு. விழித்திருக்கும்போது சமாளித்துக்கொள்ளும், தூக்கத்தில் கசியும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, பெரும்பாலான நாய்கள் தேறிவிடுகின்றன. கருப்பி தூங்கும் துணியை வெள்ளை நிறமாக மாற்றி மூன்று காலை பாருங்கள். வயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்கில் ரோமம் ஈரமாகவோ பழுப்பேறியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்காகக் கருத்தடையே தப்பு என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இதேபோல் தண்ணீர் தாகமும் மூத்திரமும் அதிகமாகி, சாப்பாடும் குறைந்தால், அது கர்ப்பப்பையில் சீழ் வைத்ததாக இருக்கலாம். அதற்கு ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆண் நாய் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று: முக்கி முக்கி ஒரு சொட்டும் வராமல் நின்றால் கல் அடைத்திருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சரி, இப்போது "வேண்டுமென்றே" என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது டாக்டர், நான் உள்ளே வந்தாலே காதை மடக்கிக்கிட்டு மூலையில போய் உட்காருது." 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள், சில சமயம் மாற்றிச் சொல்வார்கள். அந்தக் குற்றவாளி முகம் நாய் தின்றதைப் பொறுத்து வரவில்லை. எஜமானர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. ஒன்றுமே தின்னாமல் திட்டு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் அது அதிகமாகத் தெரிந்தது. கருப்பி காதை மடக்குவது உங்கள் நடையையும் குரலையும் பார்த்துத்தான். அரை மணி நேரம் முன்பு ஹாலில் போனதை அதோடு அவள் முடிச்சுப் போடுவதில்லை.

மூக்கைத் தேய்த்ததாலும் அடித்ததாலும் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மனிதர்கள் பார்க்கும்போது மூத்திரம் போனால் அடி விழும் என்பதுதான் அது. இப்போது அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். வெளியே கூட்டிப் போகிறவரும் நீங்களே. கயிற்றின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை அவள் கழுத்தில், நடுவில் நாலடி. "போடி, போ" என்று அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவள் இரண்டு அடி நடந்து, தரையை மோந்து, ஓரக்கண்ணால் உங்களைப் பார்த்து, மறுபடி நடக்கிறாள். அரை மணி நேரம் அடக்கிக்கொண்டே மூன்று மாடி ஏறுகிறாள். நீங்கள் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டத் திரும்புகிறீர்கள். உங்கள் முதுகு தெரிந்ததும் ஹாலுக்குப் போகிறாள். ஐந்து நிமிடக் கணக்கு இதுதான். உங்களைச் சீண்டுவதற்காக அவள் காத்திருக்கவில்லை.

தரையும் ஒரு காரணம். கொல்லையில் மரத்தடி ஈர மண்ணில் குந்திப் பழகிய பாதங்கள் அவை. எதன் மேல் போக வேண்டும் என்பதைக் குட்டியாக இருக்கும்போதே நாய்கள் பாதத்தால் பழகிக்கொள்கின்றன. தாம்பரத்தில் கீழே இறங்கினால் பேவர் பிளாக், சிமெண்ட், நிறுத்தி வைத்த வண்டிகள். போதாததற்கு அந்தத் தெரு நாய்கள் தள்ளி நின்று உறுமிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த பெண் நாய் அந்தச் சூழலில் குந்தாது. குந்தினால் உடனே எழுந்து ஓட முடியாது, அது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளோ மிதியடி மண்ணைப் போலவே ஈரத்தை உறிஞ்சுகிறது, உறுமுகிற நாய்களும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது: மண்ணோ புல்லோ இருக்கிற ஓரிடம், ஒரு காலி மனை ஓரமோ மரத்தடியோ, தேடிப் பிடியுங்கள். தினமும் அதே இடத்துக்கு, தெரு நாய்கள் ஒதுங்கியிருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கயிறு பத்தடி நீளம் வேண்டும். அங்கே போனதும் நீங்கள் ஒருக்களித்து நில்லுங்கள், அவளைப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. பதினைந்து நிமிடம் பொறுங்கள். அவள் போய் முடித்த நொடியிலேயே, எழுந்து நிற்பதற்குள், மெல்லிய குரலில் பாராட்டி அவித்த கோழியோ முட்டைத் துண்டோ வாயில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் படியேறியதற்குக் கூலி என்றுதான் நினைப்பாள். அப்புறம் உடனே திரும்பிவிடாதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். போய் முடித்ததும் வீட்டுக்கு இழுத்து வந்தால், போனால் நடை முடிந்துவிடும் என்று புரிந்துகொண்டு அடக்கிக்கொள்ளப் பழகிவிடுவாள். போன பிறகுதான் ஜாலியான நடை ஆரம்பிக்க வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் போகவில்லையா, சரி, மேலே வாருங்கள். கயிற்றை மட்டும் கழற்றாதீர்கள். உங்கள் இடுப்பிலோ உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலோ கட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி இறக்குங்கள். மூன்று மாடி இறங்கி ஏறுவது முதல் வாரம் உங்கள் முட்டியைப் பதம் பார்க்கும். அதனால் அந்த லிஃப்ட் விஷயத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதன் பிரதியைச் செயலாளரிடம் கொடுத்து, கூட்டம் இல்லாத நேரத்தில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று பக்குவமாகப் பேசுங்கள். மாத்திரை ஓடுகிற வரை அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது வெளியே போக வேண்டும்: விடிந்ததும், காலைச் சாப்பாட்டுக்குப் பின், மதியம், சாயங்காலம், படுக்கும் முன். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ராத்திரித் தொல்லை கொஞ்சம் குறையலாம்.

ராத்திரிக்கு பால்கனியில் ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். கொத்தனார் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் தட்டில் மண் பரப்பி, நர்சரியில் விற்கிற புல் பத்தையை அதன் மேல் வையுங்கள். அவள் மூத்திரம் துடைத்த துணியை ஒருநாள் அதன் மேல் போட்டு வைத்தால் வாடை பிடித்துத் தானே வருவாள். பால்கனிக் கதவை அவள் தள்ளித் திறக்கிற அளவுக்கு விட்டு வையுங்கள். கம்பி இடைவெளியில் வலை அடித்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

கண்ணெதிரே ஹாலில் குந்தினால் கத்தாதீர்கள். "வா வா வா" என்று உற்சாகமாகக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கோ பால்கனிக்கோ நடங்கள். முடிந்த பிறகு பார்த்தால் ஒரு வார்த்தையும் வேண்டாம், அவளை வேறு அறையில் விட்டுவிட்டுத் துடையுங்கள்.

எதைக் கொண்டு துடைப்பது என்பதில் உங்கள் வீட்டில் பெரிய மாற்றம் வேண்டும். அந்துருண்டையை இந்த நிமிடமே பொறுக்கி எடுத்து வெளியே போடுங்கள். நாப்தலின் உருண்டை ஒன்றை நாய் விழுங்கினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கு ஆபத்தாகலாம். மிளகாய்த்தூளை அவள் பாதத்திலிருந்து நக்குவாள், கண்ணில் தேய்ப்பாள், அதையும் துடைத்து எடுத்துவிடுங்கள். பினாயில் வாடை நமக்கு மூத்திர வாடையை மறைக்கிறது, நாய் மூக்குக்கு மறைப்பதில்லை. இரண்டு வாடையும் தனித்தனியாகத் தெரியும். பெட் ஷாப்பிலும் ஆன்லைனிலும் என்சைம் கிளீனர் என்று கேட்டால் கிடைக்கும். அதில் உள்ள நொதிகள் மூத்திரத்தின் வாடைப் பொருட்களையே உடைத்துவிடும். அந்த இடத்தில் முதலில் வெறும் தண்ணீரால் பினாயிலைப் போக்கிவிட்டு, கிளீனரைத் தாராளமாக ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். டைல்ஸ் நடுவே உள்ள கோட்டில் இறங்கியிருக்கும், அங்கே பழைய டூத் பிரஷ் போட வேண்டும். ஊதாக்கதிர் டார்ச் ஒன்று வாங்கி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் தரையோரமாக அடித்துப் பாருங்கள். நீங்கள் அறியாத இடங்களில்கூட மஞ்சள் பச்சையாக மினுங்கும். மிதியடிகளை இப்போதைக்குச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம், மார்பிள் தரையென்றால் வேண்டாம், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரை ஒருபோதும் கலக்காதீர்கள், விஷ வாயு வரும். துடைக்கும்போது கையுறை போடுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரம் வழியாகவும் நமக்கு வரும். அதற்கான தடுப்பூசி வருடா வருடம் கருப்பிக்குப் போட்டிருக்கிறதா என்று புத்தகத்தைப் பாருங்கள்.

பினாயிலைப் பற்றி எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அவளுக்கு அரிப்பு எங்கே வந்தது? அடிவயிறு, அக்குள், பாத இடுக்கு என்றால், தரையில் படும் இடங்கள் அவை. பினாயில் துடைத்த தரையில் நாள் முழுக்கப் படுத்திருக்கிற நாய்க்குத் தோல் வெந்து அரிப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்தான் அரிப்புக்கு முதல் காரணங்கள், அவற்றை டாக்டர் பார்த்திருப்பார். ஆனால் பினாயிலால் அரிப்பு, அரிப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மூத்திரம், மூத்திரத்துக்கு இன்னும் பினாயில் என்று உங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பினாயிலை நிறுத்திவிட்டு டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரை இதில் எதிர்க்கட்சி ஆக்கிவிடாதீர்கள். இந்த வயதில் ஊரையும் வீட்டையும் விட்டு வந்து, பழக்கமில்லாத ஒரு நாயோடு, ஈரம் மிதிக்கிற பயத்தோடு நடமாடுகிறார். பூஜை அறை வாசலில் அப்படி நடந்தது அவர் மனதைப் புண்படுத்தியிருக்கும். அந்த வாசலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு மரத் தடுப்பு போட்டுவிடுங்கள், முதல் வேலையாக. "அத்தை, இவளுக்கு மருந்தால இப்படி ஆகுதாம், டாக்டர் சொன்னார்" என்று எடுத்துச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாத ஜீவன் என்று தெரிந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் இளகிவிடுவார்கள். கருப்பிக்கும் அவரிடம் பயம் இருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கூப்பிடாமல், தொடாமல், தினம் நாலு பிஸ்கட் துண்டைத் தள்ளிப் போட்டாலே போதும். சில வாரத்தில் இரண்டு பேருமே மாறுவார்கள்.

உங்கள் கணவரிடம் நான் சொல்ல விரும்புவது, ஒரு மாதம் என்று தேதி குறிக்க வேண்டாம். மாத்திரைதான் காரணம் என்றால் அளவு குறையக் குறைய ஓரிரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். அடிபட்ட பயம் தெளிந்து உங்கள் எதிரே நிம்மதியாகக் குந்துவதற்கு ஆறு வாரம், சில நாய்களுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், இடையில் ஒன்றிரண்டு நாள் சறுக்கும். ஊரில் கொண்டுபோய் விடுவது என்றால் எங்கே? அந்த வீட்டில் இப்போது உங்களில் யாரும் இல்லை. 6 வயது வரை தட்டில் சோறு சாப்பிட்ட நாய், அந்தத் தெரு நாய்களின் எல்லைக்குள் போய்ப் பசியும் கடியுமாகக் கிடக்கும். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். சட்டம் இல்லாவிட்டாலும் இந்தக் கடிதம் எழுதியிருக்கிற உங்களால் அதைத் தாங்கிக்கொள்ள முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்று ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி அவள் பக்கத்தில் வையுங்கள். நாளைக் காலை 6 மணிக்குக் கணக்கை ஆரம்பியுங்கள். மூன்று நாள் முடிந்ததும் அந்தக் குறிப்பு, யூரின் டப்பா, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அட்டையையும் மறக்காமல் கொண்டு போங்கள்.